குடல்வளரி அழற்சிக்குச் சத்திரசிகிச்சையா, மருந்தா?

வலது அடிவயிற்றில் வலி, அதனுடன் வாந்தியும் காய்ச்சலும் என வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் ஒருவருக்கு 'அப்பென்டிசைற்றிஸ்' என்று வைத்தியர் கூறியதும் உறவினர்கள் கேட்பது "ஒப்பரேசன் எப்போது?" என்ற ஒரேயொரு கேள்வியாகவே நீண்டகாலம் இருந்து வந்துள்ளது. நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகும் இதற்கு ஒரே விடையையே கூறி வந்தது. கண்டறிந்தவுடன் வெட்டி அகற்றி விடுவதே அந்த விடை. அண்மைக்காலமாக அக்கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கின்றது. சத்திரசிகிச்சை இன்றி மருந்தினாலேயே இதனைக் குணப்படுத்த முடியாதா என்பதே அது.

முடியும் என்று கூறும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவற்றைச் சுருக்கி 'இனி வெட்டத் தேவையில்லை' என்ற ஒற்றை வரியாகச் செய்தி பரவுவதையும் நாம் காண்கின்றோம். யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு காலத்திற்கு என்ற மூன்று வினாக்களும் அந்த ஒற்றை வரியில் காணாமற் போய்விடுகின்றன. அதனை நம்பிப் பாமசியில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வீட்டில் படுத்திருப்பவருக்கு நேரக்கூடிய விபரீதம் சாதாரணமானதல்ல. ஆகவே இது தொடர்பில் எமது வாசகர்கள் சற்று விரிவாக அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகின்றோம்.

பெருங்குடலின் தொடக்கப் பகுதியில், வலது அடிவயிற்றில், ஒரு முனை மூடிய சிறு குழாயாகத் தொங்கிக் கொண்டிருப்பதே குடல்வளரி. அநேகமாக 6 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீளமானது. அதன் வாய் மலக்கட்டியினாலோ, வீங்கிய நிணநீர்த் திசுவினாலோ அடைபடும்போது உள்ளே கிருமிகள் பெருகி, அது வீங்கி அழற்சியடைகின்றது. கொய்யா விதையை விழுங்கினால் இந்நோய் வரும் எனச் சிறுவர்களை அச்சுறுத்தும் வழக்கம் எமது வீடுகளில் உண்டு. விதையொன்று சிக்கிக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ நூல்களில் இல்லாமலில்லை. ஆயினும் அவை மிக அரிதானவை. கொய்யாப்பழத்தை இதற்காக ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. வாழ்நாளில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பேர் வரையில் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது மேலைத்தேயக் கணிப்பு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டோரையே இது அதிகம் பீடிக்கின்றது.

வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணித்தியாலங்களில் வலது அடிவயிற்றுக்கு இடம்பெயரும். உணவில் நாட்டமின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியன தொடரும். இருமினாலோ, வாகனம் குழியில் விழுந்து எழுந்தாலோ வலி அதிகரிக்கும். எல்லோருக்கும் இந்த ஒழுங்கில் அறிகுறிகள் வருவதில்லை. சிறு குழந்தைகள், முதியோர், கர்ப்பிணித் தாய்மார் ஆகியோரில் வலியின் இடமும் தன்மையும் மாறுபடலாம். இளம் பெண்களில் சூலகக் கட்டி முறுக்கிக் கொள்வதும், கருப்பைக்கு வெளியே கரு தங்குவதும் ஏறத்தாழ இதே வலியைத் தரவல்லவை. இங்கு ஒன்றை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. கடுமையாக இருந்த வலி திடீரெனத் தணிந்துவிட்டால் நோய் மாறிவிட்டது என மகிழ்ந்துவிடக் கூடாது. குடல்வளரி வெடித்த சிறிது நேரத்திற்கு அவ்வாறான ஓய்வு கிடைப்பதுண்டு. அதன் பின்னர் வயிறு முழுவதும் வலி பரவி, சீழ் வயிற்றறைக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்கும் பழைய வழக்கமும் இந்நோயில் மிகவும் ஆபத்தானது.

உடனே வெட்டி அகற்ற வேண்டும் என்ற கொள்கை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் இன்றைய விவாதம் விளங்கும். குடல்வளரியை அகற்றிய முதலாவது சத்திரசிகிச்சையாகப் பதிவாகியிருப்பது 1735ஆம் ஆண்டு லண்டனில் குளோடியஸ் அமியண்ட் என்பவர் செய்ததாகும். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைச் சீர்செய்யும்போது, குண்டூசியொன்று துளைத்திருந்த குடல்வளரியை அவர் அதனுள்ளே கண்டார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் அச்சிறுவன் பிழைத்துக் கொண்டான். ஆயினும் நோய்க்கு இன்றைய பெயர் கிடைத்தது 1886இல்தான். அமெரிக்க நோயியலறிஞர் ரெஜினோல்ட் பிற்ஸ் அவ்வாண்டில் இதற்குப் பெயர் சூட்டியதுடன், காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் எனவும் வலியுறுத்தினார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய வைத்தியர் சாமுவேல் கிறீன் 1884இலேயே மறைந்துவிட்டார். இந்நோய்க்குப் பெயரிடும் வாய்ப்பு ஒருவேளை அவருக்குக் கிட்டியிருந்தால் எமக்கு இன்னும் நல்லதொரு தமிழ்ச் சொல் வாய்த்திருக்கலாம்.

அழற்சியுற்ற குடல்வளரி எதுவாயினும் காலப்போக்கில் வெடித்தே தீரும் என்பது அன்றைய நம்பிக்கை. அவ்வாறாயின் காத்திருப்பது மரணத்திற்காகக் காத்திருப்பதற்குச் சமம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதுவுமில்லாத அக்காலத்தில் அந்தக் கொள்கை எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்ட்டின் முடிசூட்டு விழா 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி நடைபெறவிருந்தது. அதற்கு இரு தினங்களுக்கு முன்னர் அவர் இந்நோயினால் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். விழா ஓகஸ்ட் 9ஆம் திகதிக்குப் பிற்போடப்பட்டது. இச்சம்பவத்தின் பின்னரே இந்நோயும் அதற்கான சத்திரசிகிச்சையும் உலகெங்கும் பிரசித்தி பெற்றன. பலர் கவனிக்காத ஒரு விடயம் என்னவெனில், பிரெட்ரிக் ட்றீவ்ஸ் என்ற அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் மன்னரின் சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினாரேயன்றிக் குடல்வளரியை அகற்றவில்லை. மன்னர் அதனுடனேயே மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1910இல் காலமானார்.

பெனிசிலின் போன்ற மருந்துகள் வந்தபின் மாற்றுச் சிந்தனையும் தோன்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் கோல்ட்றி என்ற வைத்தியர் 471 நோயாளருக்குச் சத்திரசிகிச்சை இன்றி மருந்தளித்த அனுபவத்தை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் ஒருவரே மரணமடைந்திருந்தார். ஆயினும் மருத்துவ உலகு அதனைப் பொருட்படுத்தவில்லை. சத்திரசிகிச்சை அப்போது மிகவும் பாதுகாப்பானதாக மாறியிருந்தது. மேலும், வயிற்றைத் திறக்காமல் உள்ளே எந்த நிலை என்பதை அறிய வழியேதும் இருக்கவில்லை. மருந்து கொடுத்துக் குணமானவருக்கு உண்மையில் இந்நோய்தான் இருந்ததா என்று கேட்டால் எவராலும் உறுதியாகப் பதில் கூற இயலவில்லை.

மருந்து எல்லாச் சந்தர்ப்பத்திலும் கைகொடுக்காது என்பதற்கும் அதே காலத்தில் ஓர் உதாரணம் உண்டு. அந்தாட்டிக்காவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்த சோவியத் குழுவின் ஒரே வைத்தியர் லியோனிட் ரொகோசொவ். 27 வயதான அவருக்கு 1961ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்நோய் கண்டது. முதலில் அவர் நுண்ணுயிர்க்கொல்லிகளையே நாடினார். நிலைமை மோசமடைந்தது. விமானம் வரக்கூடிய காலநிலையும் இல்லை. ஏப்ரல் 30ஆம் திகதி இரவு, வானிலை அவதானியும் சாரதியும் கருவிகளை எடுத்துக் கொடுத்துக் கண்ணாடி பிடித்து நிற்க, தம் வயிற்றைத் தாமே கீறிக் குடல்வளரியை அகற்றினார். இரு வாரங்களில் கடமைக்கும் திரும்பினார். இக்கதையை வீரச்செயலாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து செல்வதே வழமை. எமது விடயத்திற்கோ, மருந்து தோற்கும்போது சத்திரசிகிச்சை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே அதில் முக்கியமானது.

சி.ரி. ஸ்கான் இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. வயிற்றைத் திறக்காமலேயே குடல்வளரியின் நிலையைக் காண முடிந்தபோது, இந்நோய் ஒன்றல்ல, இரண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. வெடிப்போ சீழ்க்கட்டியோ இல்லாத எளிய அழற்சி ஒரு வகை. பெரும்பாலான நோயாளர்கள் இவ்வகையினர். வெடித்தல், சீழ்க்கட்டி, திசு அழுகல் ஆகிய சிக்கல்களுடன் கூடியது மற்றைய வகை. முதலாவது எப்போதும் இரண்டாவதாக மாறியே தீரும் என்ற பழைய நம்பிக்கையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எளிய அழற்சி சிலரில் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. சத்திரசிகிச்சையா மருந்தா என்ற வினா இந்த முதலாவது வகையினருக்கு மட்டுமே உரியது என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும். குடல்வளரி வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவியவருக்கு அவ்வாறான தெரிவு எதுவுமில்லை.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது பின்லாந்தின் ஆய்வாகும். 2009 முதல் 2012 வரை அந்நாட்டின் ஆறு வைத்தியசாலைகளில் 18 முதல் 60 வயதுவரையான 530 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் சி.ரி. ஸ்கான் மூலம் எளிய அழற்சி உறுதி செய்யப்பட்டிருந்தது. ஒரு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சையும் மறு பகுதியினருக்கு மருந்தும் வழங்கப்பட்டன. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் அது 39 ஆகியது. அதாவது ஐந்தில் மூவர் சத்திரசிகிச்சையைத் தவிர்த்துக் கொண்டனர். ஐந்தில் இருவர் பிற்போட்டனர். சத்திரசிகிச்சைக்கு உள்ளானோரில் காயக் கிருமித் தொற்று, தழும்பு வழிக் குடலிறக்கம், தொடர்ந்த வலி முதலிய சிக்கல்கள் ஐந்தாண்டில் நூற்றுக்கு 24 பேரில் காணப்பட்டன. மருந்து பெற்றோரில் இது ஏழுக்கும் குறைவு. எனினும் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. அவ்வாய்வில் பெரும்பாலும் வயிற்றைக் கீறும் பழைய முறையே கையாளப்பட்டது. சிறு துளைகள் வழியே செய்யப்படும் இன்றைய லப்பரொஸ்கோப்பி முறையில் காயச் சிக்கல்கள் குறைவு.

அமெரிக்காவின் 25 வைத்தியசாலைகளில் 1552 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளியாகின. மருந்து பெற்றோரில் 29 வீதமானோருக்கு 90 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஓராண்டில் இது 40 வீதமாகவும், மூன்று நான்கு ஆண்டுகளில் 49 வீதமாகவும் உயர்ந்தது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்! பின்லாந்து ஆய்வில் சேர்க்கப்படாத ஒரு பிரிவினர் இதில் இருந்தனர். குடல்வளரியினுள் கல் போன்று இறுகிய மலக்கட்டி இருந்தவர்களே அவர்கள். அவர்களில் 41 வீதமானோருக்கு 90 நாட்களுக்குள்ளேயே சத்திரசிகிச்சை தேவைப்பட்டதுடன், சிக்கல்களும் அவர்களிடையே அதிகமாயிருந்தன. கல் இல்லாதோரில் இது 25 வீதமே. மறுபுறம், மருந்து பெற்றோர் வேலைக்குச் செல்லாதிருந்த நாட்கள் சராசரியாக ஐந்து. சத்திரசிகிச்சை பெற்றோருக்கு ஏறத்தாழ ஒன்பது. ஒரு மாத முடிவில் இரு சாராரின் உடல்நலமும் சமமாகவே இருந்தது.

பிள்ளைகள் தொடர்பில் 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வு முக்கியமானது. கனடா, அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் சிறுவர் வைத்தியசாலைகளில் 5 முதல் 16 வயதுவரையான 936 பேரில் இது நடத்தப்பட்டது. மருந்து பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 34 பேரில் ஓராண்டுக்குள் அச்சிகிச்சை தோல்வியடைந்தது. சத்திரசிகிச்சைப் பிரிவில் அகற்றிய குடல்வளரியில் நோய் இருக்கவில்லை என்பது போன்றவற்றையும் சேர்த்து, தோல்வி 7 வீதமே. மரணம் எதுவும் இரு பிரிவிலும் நிகழவில்லை. மருந்து சத்திரசிகிச்சைக்குச் சமமானதல்ல என்பதே ஆய்வாளரின் முடிவு. ஆயினும் மூன்றில் இரு பிள்ளைகள் கத்தியின்றித் தப்பினர் என்றும் அதே எண்களைப் பெற்றோர் வாசிக்கலாம்.

எண்களுக்கு அப்பால் மனநிறைவு என்ற ஒன்றும் உண்டு. பின்லாந்து ஆய்வில் பங்குபற்றியோரைப் பல ஆண்டுகளின் பின் விசாரித்தபோது, மருந்தினாலேயே குணமானவர்களும் முதலிலேயே சத்திரசிகிச்சை செய்தவர்களும் ஒரே அளவு திருப்தியுடன் இருந்தனர். மருந்து பெற்றுப் பின்னர் சத்திரசிகிச்சைக்கும் போக நேர்ந்தவர்களே குறைபட்டுக் கொண்டனர். தமக்கு இவ்வாறு நேரலாம் என்பதை முன்கூட்டியே விளங்கிக் கொண்டு மருந்தைத் தெரிந்தவருக்கும், 'மருந்திலேயே மாறிவிடும்' என்ற உறுதிமொழியை நம்பியவருக்கும் அந்த இரண்டாவது வருகை ஒரே அனுபவமாக இருக்க முடியாது என்பது எமது எண்ணம்.

சத்திரசிகிச்சை குறித்தும் தேவையற்ற அச்சம் எம்மிடையே நிலவுகின்றது. லப்பரொஸ்கோப்பி முறையில் எளிய அழற்சிக்கு உள்ளானவர் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். குடல்வளரியை இழப்பதனால் அன்றாட வாழ்வில் எந்தக் குறையும் நேர்வதில்லை. நோய் திரும்பும் என்ற கவலையும் நீங்குகின்றது. அகற்றிய பகுதி ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்படுவதால் உள்ளே மறைந்திருக்கும் கட்டிகளும் கண்டறியப்படும். மயக்க மருந்தின் ஆபத்து, காயத் தொற்று, பின்னாளில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பு ஏற்படுதல் ஆகியன மறுபக்கத்தில் உள்ளன. இவை நிகழும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இன்னொன்றையும் இங்கு குறிப்பிடலாம். 'இரவு கொண்டுவந்தோம், காலைவரை ஒப்பரேசன் செய்யவில்லை' என உறவினர்கள் கோபங்கொள்வதுண்டு. எளிய அழற்சியாயின், கண்காணிப்பின் கீழ் 24 மணித்தியாலம் வரை சத்திரசிகிச்சையைத் தாமதிப்பதால் பாதிப்பு ஏற்படுவதில்லை என 2020இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கூறுகின்றது.

இனி 'மருந்து' என்று இந்த ஆய்வுகள் கூறுவது எதனை என்பதைப் பார்ப்போம். பின்லாந்தில் முதல் மூன்று நாட்கள் நோயாளர் வைத்தியசாலையில் தங்கியிருக்க, எர்டபெனெம் என்ற வீரியமிக்க மருந்து நாளத்தின் வழியாக ஏற்றப்பட்டது. அதன்பின் ஏழு நாட்களுக்கு இருவகை மாத்திரைகள். நிலைமை சீரடையாவிடில் உடனடியாகச் சத்திரசிகிச்சைக் கூடத்திற்குக் கொண்டு செல்ல ஆயத்தமாக இருந்தனர். பின்னர் மாத்திரை மட்டும் கொடுத்தும் பின்லாந்திலேயே பரிசோதித்து 2021இல் முடிவு வெளியிட்டனர். ஓராண்டில் 70 வீதமானோர் சத்திரசிகிச்சையின்றி இருந்தனர். ஆயினும் அங்கும் ஸ்கான் மூலம் நோய் உறுதி செய்யப்பட்டு, தொடக்கத்தில் வைத்தியசாலையில் வைத்தே நோயாளர் அவதானிக்கப்பட்டனர். எமது நகரங்களில் வைத்தியரின் சிட்டையின்றிப் பாமசியில் நான்கு 'அன்ரிபயோட்டிக்' மாத்திரைகளை வாங்கி, இரண்டை விழுங்கி மிகுதியை அலுமாரியில் வைக்கும் பழக்கத்திற்கும் இந்தச் சிகிச்சைக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது.

மருந்துச் சிகிச்சை பொருந்தாதவர்கள் எவர் என்பதிலும் தெளிவு வேண்டும். வெடிப்பின் அறிகுறி உடையோர், குருதியிற் கிருமித் தொற்றுப் பரவியோர், குடல்வளரியினுள் கல் உடையோர், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோருக்கு அது உகந்ததல்ல. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகச் சத்திரசிகிச்சையே பரிந்துரைக்கப்படுகின்றது. குடல்வளரியைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டானவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு முதலில் மருந்தளித்து, வேண்டுமாயின் சீழை வெளியேற்றி, குணமான பின்னரும் குடல்வளரியை அகற்ற வேண்டுமா என்ற கேள்வி எழுகின்றது. இவ்வினாவை ஆராய பின்லாந்தில் தொடங்கிய இன்னொரு ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. பங்குபற்றிய 60 பேரில் 12 பேருக்குக் குடல்வளரியில் கட்டி வளர்ந்திருந்தது தெரிய வந்ததே காரணம். அவர்கள் அனைவரும் 40 வயதைக் கடந்தவர்கள். எனவே அவ்வயதைக் கடந்த ஒருவர் சீழ்க்கட்டியுடன் வந்து மருந்தினாற் குணமானாலும் விடயம் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது.

இவையனைத்தும் பிறநாட்டு அனுபவங்கள். எமது நாட்டுக்கு இவை எவ்வளவு தூரம் பொருந்தும்? முதலாவது தடை ஸ்கான். பெரிய வைத்தியசாலைகளுக்கு வெளியே சி.ரி. ஸ்கான் வசதியை எந்நேரமும் எதிர்பார்க்க முடியாது. அறிகுறிகள், தொட்டுப் பார்த்தல், காய்ச்சல், குருதியின் வெண்கல எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுக் கணிக்கும் அல்வராடோவின் 1986ஆம் ஆண்டு முறையும், வைத்தியரின் கைத்தேர்ச்சியும், அல்ட்ரா சவுண்ட் ஸ்கானுமே பல இடங்களில் துணை. இவை நோய் உண்டா என்பதை ஓரளவு கூறும். உள்ளே கல் உண்டா, வெடிப்புத் தொடங்கிவிட்டதா என்பதை அதே உறுதியுடன் கூற மாட்டா. கல்லின் நிலை தெரியாமல் மருந்தைத் தெரிவது, ஆய்வுகள் காட்டிய பலனை எதிர்பார்த்து ஆய்வுகள் விதித்த நிபந்தனையை விட்டுவிடுவதாகும்.

இரண்டாவது தூரம். நெடுந்தீவில் இருப்பவருக்கு நள்ளிரவில் வலி திரும்பினால், கடலைக் கடந்து குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் இயலாது. மலையகத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் இருப்பவருக்குப் பாதைக்கு இறங்குவதே பெரும்பாடு. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாட் கலத்தில் ஆழ்கடலுக்குச் செல்பவர் வாரக்கணக்கில் வைத்தியரையே காண்பதில்லை. ரொகோசொவின் நிலைமை அந்தாட்டிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. போதனா வைத்தியசாலைக்கு அண்மையில் வசிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு ஐந்தில் இரண்டு என்ற ஆபத்து ஓர் அசௌகரியம். மேற்கூறியவர்களுக்கோ அதே ஐந்தில் இரண்டு வேறு பொருள் தருவது. இத்தகையோர் முதல் தடவையிலேயே சத்திரசிகிச்சையைத் தெரிவதே உசிதம் என்பது எமது கருத்து.

வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக மத்திய கிழக்கிற்குப் புறப்படக் காத்திருப்போரையும் இவர்களுடன் சேர்க்கலாம். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் என்பதால், அந்நிய நாட்டில், எசமானரின் வீட்டில் தனித்திருக்கும் பணிப்பெண் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சோதனையாக அமையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹஜ் கடமைக்காகப் பயணிக்க இருப்பவர்களும் இதனைத் தமது வைத்தியருடன் கலந்துரையாடுவது நன்று. மாறாக, உயர்தரப் பரீட்சை இரு வாரங்களில் இருக்கும் நிலையில் எளிய அழற்சிக்கு உள்ளான நகர்ப்புற மாணவி ஒருவர் மருந்தைத் தெரிந்து பரீட்சை எழுத விரும்பினால் அதிலும் நியாயம் உண்டு. நாட்கூலி பெறுவோருக்கு இழக்கும் வேலைநாட்களும் கணக்கில் வரும். ரமழான் மாதத்தில் மருந்துச் சிகிச்சை பெறுபவர், நோன்பை விடக்கூடாதென்று வேளை மாற்றியோ விட்டுவிட்டோ மருந்தை உட்கொள்வது சிகிச்சையையே பயனற்றதாக்கும். நோயுற்றோருக்கு மார்க்கத்திலேயே விலக்களிக்கப்பட்டுள்ளது. குணமான பின் கழாச் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது தடை கிருமிகளின் எதிர்ப்புச் சக்தி. குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் தெற்காசியாவில் சாதாரண மருந்துகள் பலவற்றுக்குப் பணியாதவையாக மாறியுள்ளன. பின்லாந்தில் பயன்படுத்தப்பட்ட எர்டபெனெம், ஏனைய மருந்துகள் பலிக்காதபோது நாடவேண்டிய வகையைச் சேர்ந்தது. அதனை எளிய அழற்சிக்கெல்லாம் வழங்கினால் நாளை நியூமோனியாவுக்கும் குருதித் தொற்றுக்கும் எதைக் கொடுப்பது? சாதாரண மருந்துகளையே கொடுத்தால் பின்லாந்தின் பலன் இங்கு கிடைக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் எமது வைத்தியசாலைகளில் திரட்டப்படும் தரவுகளே பதிலளிக்க வேண்டும். எமது அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை இலவசம் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்த விவாதத்தைத் தூண்டும் செலவுக் கணக்கு இங்கு அதே வடிவில் எழுவதில்லை. தனியார் வைத்தியசாலையை நாடுவோருக்கு மட்டுமே அது பொருந்தும்.

இறுதித் தடை மொழி. இரு சிகிச்சைகளுள் ஒன்றைத் தெரிவதற்கு முதலில் இரண்டும் விளங்க வேண்டும். 'கல் இருந்தால் ஆபத்து அதிகம்', 'ஐந்து ஆண்டுகளில் ஐந்தில் இருவருக்குத் திரும்பும்' என்பவற்றைச் சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் விளக்க முடியாது. தமிழ் தெரியாத வைத்தியரிடம், சிங்களம் தெரியாத நோயாளர் வலியால் துடித்தபடி சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும் காட்சி எமக்குப் புதியதல்ல. தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. விடுதியில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தாதியோ ஊழியரோ இருந்தால் அவரது உதவியைக் கோருவதற்கு நோயாளர் கூச்சப்பட வேண்டியதில்லை. விளங்காத பத்திரத்தில் ஒப்பமிடாமல் விளக்கம் கேட்பது வைத்தியரை அவமதிப்பதும் ஆகாது.

எமது குடும்பங்களிலும் ஒரு குறை உண்டு. படுக்கையில் இருப்பவர் வயது வந்தவராயினும், முடிவைத் தந்தையோ கணவரோ மூத்த சகோதரரோ வெளியே நின்று எடுத்துவிடுகின்றனர். திருமணமாகாத பெண் பிள்ளையின் வயிற்றில் தழும்பு வேண்டாம் என்பதற்காக மருந்தைக் கேட்போரும் உள்ளனர். தழும்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண் பிள்ளையே. இரண்டில் எது ஏற்புடையது என்பதை, நோய் திரும்பினால் மீண்டும் அந்த வலியைத் தாங்கப் போகின்றவரிடம் கேட்க வேண்டாமா?

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இது இந்நோய்தான் என்பது எவ்வளவு உறுதி, ஸ்கானில் கல்லோ வெடிப்போ தெரிகின்றதா, மருந்தைத் தெரிந்தால் எத்தனை மணித்தியாலத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், அவ்வாறு தெரியாவிடில் இதே வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்ய முடியுமா அல்லது வேறிடத்திற்கு அனுப்புவீர்களா என்பவற்றுக்குப் பதில் கிடைத்தால் போதுமானது. கடைசிக் கேள்விக்கு 'வேறிடம்' என்பது பதிலாயின், அங்கு செல்லும் பயணத்தை நிலைமை மோசமாவதற்கு முன்னரே மேற்கொள்வது நல்லது.

மருந்தினாற் குணமடைந்து வீடு திரும்புவோர் குறிக்கப்பட்ட நாள்வரை மாத்திரைகளை முழுமையாக உட்கொள்ள வேண்டும். வலி, காய்ச்சல், வாந்தி ஆகியவற்றுள் எது திரும்பினாலும் பனடோல் குடித்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வைத்தியசாலையில் தரப்படும் நோய் நிர்ணய அட்டையையும் ஸ்கான் அறிக்கையையும் பத்திரப்படுத்தி, வெளியூர் செல்லும்போது உடன் எடுத்துச் செல்வது அவசியம். குடல்வளரி இன்னும் உள்ளேதான் இருக்கின்றது என்பதை முன்பின் அறியாத வைத்தியர் ஒருவருக்கு அந்த அட்டை உடனே தெரியப்படுத்தும்.